நான்காவது வால்வு

ஆம்பிளிஃபயரை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தம்பி அடித்தகட்டின் முதல் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம்டா. கடிகாரக்காரர் வந்துட்டார்னா நம்ம மானம் கப்பலேறிடும்," என்றாள் அக்கா, அறைக்கதவைப் பாதி சாத்தியபடி.

"வழுக்குதுக்கா. அத்தான் ஏழு ஜென்மத்துக்கும் சேர்த்து முறுக்கி வெச்சிருக்காரு."

அத்தான் முன்னறையில் படுத்திருந்தார். காலை ஆறரைக்குத் தூக்கத்திலேயே போய்விட்டார். மயான வண்டி மூன்று மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அழுது முடித்தவர்கள் வெளியே நாற்காலிகளில் காபியோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். மொட்டை மாடி மோட்டார் அறைகளில் முப்பத்தைந்து வருஷம் நின்றதில் காது போய்விட்டது. அதற்காகப் பாட்டுப் பெட்டியை விட்டுவிடுகிற ஆளா? தன் கையாலேயே செய்த அந்த ஆம்பிளிஃபயரைத் தினமும் சாயங்காலம் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். வரிசையாக நான்கு கண்ணாடி வால்வுகள், பழைய ரேடியோக்களுக்குள் பல்பு மாதிரி இருக்குமே, அவை. உள்ளே மெல்லிய கம்பி அடுப்புக் கனல் போலச் சிவந்து வரும். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, பளபளப்பான தகட்டில் இறங்கி, இன்னொரு முறை எரியும். தூசி அடைகிறதே, ஒரு மூடி செய்து போடுங்களேன் என்று அக்கா ஒருமுறை சொன்னதற்கு, "மூஞ்சிய மூடிட்டு யாராவது பேசுவாங்களா?" என்று கேட்டார். அவளுக்குப் பாட்டில் ஞானம் கிடையாது, அவருக்குக் காது கேட்காது. ஆனாலும் இருவரும் எத்தனையோ வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். சிநேகிதர் கடிகாரக்காரரும் இதே பைத்தியம், ஆனால் அவர் தன் வால்வுகளுக்கு அடியில் குட்டிக் குட்டி எல்.இ.டி. விளக்குகளைச் செருகி, நீலமும் பச்சையுமாக மின்ன விடுவார். "வால்வுக்கு லிப்ஸ்டிக் பூசற பய," என்பார் அத்தான். இதற்காக இருவரும் ஆறு மாதம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, அவர் படுக்கையோடு படுக்கையாகிவிட்ட பிறகு, நான்காவது வால்வு செத்துப்போனது. புதிது வரவழைக்க இரண்டு மாதம் ஆகுமாம். இரண்டு மாதம் அவரிடம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் தூங்கும்போது தம்பியைக் கூப்பிட்டாள். பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் அவனுக்கு விளக்குக்குப் பஞ்சமா? செத்த வால்வின் அடித்துளையில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைச் செருகிவிட்டான். "புது வால்வு கிடைச்சிடுச்சுங்க!" என்று அவர் காதருகே கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும் அந்தப் பொய்.

சாகப்போகிற மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று அன்றிலிருந்து அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கதவு தள்ளித் திறந்தது. அழுது சிவந்த கண்களோடு கடிகாரக்காரர் நின்றார்.

"அவன் பக்கத்துல நின்னா எனக்கு ஒண்ணும் பேச வரலம்மா. இதை ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்."

தம்பி திருப்புளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். கடிகாரக்காரர் ஆம்பிளிஃபயரை நேராக வைத்து சுவிட்சைத் தட்டினார். மூன்று வால்வுகள் இருட்டாக இருக்க, நான்காவது மட்டும் சட்டென்று எரிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி, என்னையாடா லிப்ஸ்டிக்னு சொன்னே?" என்று முன்னறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"அவருக்குத் தெரியாதுண்ணா. நான்தான் ஏமாத்திட்டேன்."

"அவனுக்கா தெரியாது? நிஜ வால்வு சூடேறிச் சிவக்க அரை நிமிஷம் ஆகும். இது பாரு, தட்டின உடனே எரியுது. கத்துக்குட்டிகூடக் கண்டுபிடிச்சிடுவான். சுவிட்ச் போடறப்ப அவன் பாத்துட்டுத்தானே இருந்தான்?"

"முதல் நாள் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம்…" அவள் சுவிட்சைப் பார்த்தாள். "அப்புறம் நான் சுவிட்ச்கிட்ட போனாலே கண்ண மூடிப்பார். அசதின்னு நினைச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலும் எரியற வரைக்கும். போர்வைமேல விரலால தட்டிக்கிட்டே இருப்பார். கை நடுங்குதுன்னு நினைச்சுட்டேன். அப்புறம் கண்ணத் திறந்து முதல்ல என்னைப் பாப்பார். 'நாலும் நல்லா எரியுது'ன்னு சொல்வார்."

கடிகாரக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவும் இல்லை, மாட்டவும் இல்லை. மற்ற மூன்றும் அதற்குள் சிவந்துவிட்டிருந்தன.

"முப்பது எண்ணியிருக்கான், உன் பொய்யைக் காப்பாத்த," என்றார்.

மூன்று வாரமாக அரித்தது அந்த நொடியில் நின்றது. பதிலுக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு வெளியே காட்டலாமா என்று தெரியாமல் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கழட்டிடவா, அக்கா?" என்றான் தம்பி.

"கைய வெச்சே, பிச்சிடுவேன். அணைச்சு ஆற விடு. அப்புறம் முன்னறைக்குத் தூக்கிட்டு வா."

வண்டி வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. கடிகாரக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட, தம்பி ஆம்பிளிஃபயரை அதன்மேல் அத்தானின் கால்மாட்டில் வைத்து வயரைச் செருகினான். யாரோ ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் என்ன கூத்து என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார், கடிகாரக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அவள் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "இப்பப் போடு," என்றாள்.

சுவிட்ச் தட்டிய சத்தம் கேட்டது. அவர் மேல் போர்த்தியிருந்த போர்வையில் அவள் விரல் மெல்லத் தட்டத் தொடங்கியது.