ஆவுடை வீட்டு மதியம்

பொட்டல்குறிச்சியில் பங்குனி பாதி தாண்டியதும் மதியம் வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். அன்றைக்கு எந்த வீட்டு முறையோ, அந்த வீட்டுக் கூடத்தில் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அது எதையும் சாப்பிடாது. வீட்டார் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைய மதியத்துக்கென்று வாங்கி வைத்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் எழுந்து போகும். அது எழுந்து போகாமல் நாலு மணி ஊருக்குள் நுழைய முடியாது.

ஆகவே முறை வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். போஸ்ட் மாஸ்டர் வீட்டு முறையன்று அவரும் அவர் மனைவியும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கையைத் தட்டிவிட்டார்கள். அப்போதுதான் கண்ணசந்திருந்த ஊர், அடித்துப் பிடித்து எழுந்து பால் கறக்கப் போக வேண்டியதாயிற்று. இன்றைக்கும் தெருவில் அவரைப் பார்த்தால், "என்ன சார், பிஸ்கட் ஆச்சா?" என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. மனிதர் பாவம், சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இந்த வருஷம் ஆவுடையம்மாள் வீட்டு முறையும் அவள் நாத்தனார் செண்பகா ஊரைவிட்டுப் போகிற நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. செண்பகாவுக்குக் குஜராத்தில் ஓர் உப்பு ஆலையில் வேலை கிடைத்திருந்தது. உப்பை நக்கிப் பார்த்துச் சொல்கிற வேலை என்று அவள் அண்ணன் பிச்சையா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அப்படியில்லை, கண்ணாடிக் குழாயில் கரைத்துப் பார்க்கிற வேலை. நாலரை மணி பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து ரயில்.

ஆவுடை பிச்சையாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தபோது செண்பகா முன்பல் விழுந்த பிள்ளை. "மதினி, மதினி" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடப்பாள். ஆவுடைக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக நினைக்க அவளுக்கு நேரம் கிடைத்ததுமில்லை. இப்போது செண்பகாவின் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, சம்பளம் பிடித்திருந்தது, போவதுதான் பிடிக்கவில்லை. அதை வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை.

அன்று உச்சி வெயிலில் மதியம் வந்து படுத்துக்கொண்டது. ஆவுடை அதைச் சுற்றிப் பாய் விரித்தாள். முதலில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். சோறு ஊறிய நீச்சத்தண்ணி அடிப்பானையில் இருந்ததால் பல்லில் பட்டதும் சில்லென்று கூசியது. பிறகு கிளிமூக்கு மாங்காயைக் கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் நல்லெண்ணெயும் பிசறி வைத்தாள். செண்பகா ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். வெள்ளரிப்பிஞ்சு மொறுமொறுவென்று தீர்ந்தது. நீர்மோரில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அதற்காக யாரும் விட்டுவைக்கவில்லை. பிச்சையா இரண்டு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, நாலு மணிக்கு எழுப்பச் சொல்லிச் சுவரோரமாகச் சாய்ந்தான். சாய்ந்த கையோடு குறட்டையும் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கடைசியில் நுங்கு. பெண்கள் இருவரும் கட்டைவிரலால் தோண்டித் தோண்டித் தின்றார்கள். நீர் முழங்கைவரை வழிந்தது. செண்பகா அதை வியர்க்குருவில் தடவிக்கொண்டாள். வேப்பம்பூ வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் வாழ்க்கையில் இனி வரப்போவதில்லை என்று ஆவுடைக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்து, ஒரு நுங்குக்காயை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போய், அடுப்படியில் உப்புச் சாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டதுபோல் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மதியம் எழுந்திருக்கவில்லை. புரண்டு படுத்துக்கொண்டது.

ஊர் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் தூக்கம் தூங்கியது. எழுந்து புளியமுத்தைப் பரப்பிப் பல்லாங்குழி ஆடியது. பிறகு மூன்றாம் தூக்கமும் தூங்கியது. எதிர்வீட்டுச் சரசக்காவின் கூழ்வத்தல் மாடியில் காய்ந்து, திருப்பிப் போட்டதும் காய்ந்து, இனிக் காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்றானதும் அவள் இறக்கி எடுத்துப்போனாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு கணக்கு. வாத்தியார் இந்த வருஷப் புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்த வருஷத்துப் புத்தகத்தை ஆரம்பித்தார். சுவரோரம் பிச்சையாவுக்குத் தாடி வளர்ந்திருந்தது.

ஆவுடையும் செண்பகாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு தீர்ந்தபோது தாயம் ஆடினார்கள். தாயம் சலித்தபோது ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்துப் படுத்துக்கொண்டார்கள்.

பஸ் கண்டக்டர் செல்வின் வாசலில் வந்து நின்றான். நாலரை ஆகாததால் வண்டி தெருமுக்கில் நின்றுகொண்டிருந்தது.

"யக்கா, சாப்பாடு இன்னும் முடியலையோ?"

"முடிஞ்சிட்டு தம்பி. அதுதான் எந்திரிக்க மாட்டேங்கு."

செல்வின் எட்டிப் பார்த்தான். மதியம் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே நிம்மதியாகக் கிடந்தது.

"அசதியா இருக்கும்க்கா. எழுப்பாதீங்க, பாவம். டிரைவர் வண்டியக் கழுவிட்டாரு. இப்ப பெயின்ட் அடிச்சிட்டு இருக்காரு. அது காயட்டும்."

அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பொய் சொன்னது நெஞ்சில் உறுத்தியது. ஆனாலும் திரும்பி வந்து செண்பகாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

செண்பகா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "மதினி, உப்புச் சாடிக்குப் பின்னால ஒண்ணு இருக்கு."

"எப்பப் பாத்த?"

"நீங்க வைக்கும்போதே பாத்தேன். நீங்க எதை ஒளிச்சாலும் அங்கதான ஒளிப்பீங்க."

"பாத்துட்டா பேசாம இருந்த?"

"எனக்கு மட்டும் போகணும்னு இருக்கா என்ன?"

சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தால் எதை முதலில் விடுவது என்று தெரியாமல், ஆவுடை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"பெறகு ஏன்ட்டி இப்பச் சொன்ன?"

"முத்திரும் மதினி. நுங்கு எவ்வளவு நேரம்தான் தாங்கும்? எனக்குப் பிடிக்கும்னு வாங்கினது. தின்னாமலே போச்சுன்னா அங்க போயும் அதையே நெனச்சிக்கிட்டு இருப்பேன்."

ஆவுடை அடுப்படிக்குப் போய் அரிவாளை எடுத்தாள். காயை உள்ளங்கையில் வைத்துச் சீவினாள். ஒரு கண் முத்திக் கல்லாகிவிட்டிருந்தது. மற்ற இரண்டும் இளசாகவே இருந்தன, அந்த மட்டுக்கும் தப்பித்தது. கூடத்துக்குக் கொண்டு வந்ததும் மதியம் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஒண்ணு நீங்க தின்னுங்க" என்றாள் செண்பகா.

ஆவுடை விரலை விட்டுத் தோண்டித் தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை, ஆனாலும் இனிப்பாகத்தான் இருந்தது. செண்பகா தன் பங்கைச் சுளையாக எடுத்துத் தோலுரித்தாள். வாயில் போடப்போகிறாள் என்று ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகா அதைச் சம்படத்தில் போட்டு, மூடியை அழுத்தி, பைக்குள் வைத்தாள்.

"அது தீராட்டா மதியம் முடியாதேட்டி."

"இங்க முடிஞ்சிட்டு. மிச்சத்த நான் அங்க போய்த் திங்கேன்."

அப்படிச் செய்யக் கூடாது என்று ஊரில் யாரும் எப்போதும் சொன்னதில்லை. மதியம் எழுந்து உடம்பை நெளித்தது. கூடத்தில் ஒரு பங்கு வெளிச்சம் வடிந்து போயிற்று. மீதியோடு அது வாசற்படி இறங்கிச் செண்பகாவின் பைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நாலு மணி உடனே ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூட மணி அடித்தது. மாடுகள் கத்தின. பிச்சையா எழுந்து தாடையைத் தடவிப் பார்த்து, காப்பி கேட்டான். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் பெண்கள் இருவரும் மதியமும் நடந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் நிழல் நீண்டு கிடந்தது. செண்பகாவுக்கு மட்டும் காலடியில் கட்டையாக இருந்தது.

பஸ்ஸுக்குப் புதுப் பச்சை நிறம். செண்பகா மூன்று பேர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தாள். மதியம் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டது. செல்வின் டிக்கெட் கட்டோடு வந்து இரண்டு பேரையும் பார்த்தான்.

"இதுவும் வருதா?"

"பாதிதான் வருது" என்றாள் செண்பகா.

"அப்ப அரை டிக்கெட் போதும்" என்று கிழித்துக் கொடுத்தான்.

ஆவுடை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல நினைத்தது எதையும் செண்பகாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. பார்வையைப் பக்கத்து சீட்டுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"அதுக்கு ஜன்னல் ஓரம் குடு. புது இடம்னா ரெண்டு நாளு சோறு எறங்காது, மோர் ஊத்திப் பெசஞ்சு வையி. வீட்டு நெனப்பு வந்தாலும் வாயத் தொறந்து சொல்லாது. நீயாக் கேட்டுக்கிடணும்."

செண்பகா தலையை ஆட்டினாள். மதியம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டது. செல்வின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அது கையை விடுகிறவரை ஊதாமல் நின்றான்.