நான்கு மூலை மஞ்சள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பதினான்கு வருடம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, மசாலாப் பெட்டி அட்டைகளில் புள்ளியும் கீறலும் தேடிப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ராசா என்ற ஊரில் நாகநாதன் செட்டியாரின் அச்சகத்தில் அதுதான் என் வேலை. அட்டைகள் கண் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். மை சிந்தியதையும் நிறம் விலகியதையும் பொறுக்கித் தள்ள வேண்டும். ஐந்து மணிக்கு வெளியே வந்தால் எல்லாம் மங்கலாகத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் என் பஸ்சுக்கே காத்திருக்கும் செல்லம் அக்காவிடம், "என்னா பஸ்சு வருதுக்கா?" என்று தினமும் கேட்பேன். அவர் பலகையைப் படித்துச் சொல்வார், போர்டிக்சன் பஸ் என்றால் ஏறுவோம்.

அதனால்தான் அட்டைகளைச் சோதிக்கும் கேமரா வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். உன் வேலையை நீயே மெஷினிடம் தூக்கிக் கொடுக்கிறாயேம்மா என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். மெஷினை ஓட்ட ஓர் ஆள் வேண்டாமா, அந்த ஆள் நான்தான் என்றேன். முதலாளி ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

அட்டைகள் ஓடும் பெல்ட்டுக்கு மேலே ஒரு தூணிலிருந்து கேமரா தொங்கும். ஒரு நல்ல அட்டையைக் காட்டினால் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு வருகிற அட்டைகளை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு. தப்பாக இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, அட்டை பக்கத்துத் தொட்டியில் போய் விழும். பழைய வேலைகளையெல்லாம் அந்த மாதம் முழுக்க ஒழுங்காகத்தான் பார்த்தது.

ஒத்துக்கொண்ட மாதத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் தம்பின் ஊர்க் கம்பெனி ஒன்றிலிருந்து புது வேலை வந்தது, மிளகாய்த்தூள் பெட்டி. இதையும் கேமரா சரியாகப் பார்த்தால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் நாலு மணிக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், நான் பழையபடி டியூப்லைட்டுக்குக் கீழே போக வேண்டியதுதான்.

புது வேலை என்றால் முதலாளியின் மனைவி தைலம்மை ஆச்சி வந்து பூசை செய்வார். இந்த அச்சகம் கல்யாணப் பத்திரிகை அடித்துத்தான் தொடங்கியது. அந்த வழக்கத்தில், எந்த வேலையானாலும் முதல் பிரதியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அன்றும் அச்சு மெஷின் ஓட்டும் முகுந்தன் முதல் அட்டையை எடுத்துக் கொடுத்தான், ஆச்சி மஞ்சள் தடவினார், சூடம் காட்டினார், அட்டையை என்னிடம் நீட்டினார்.

"அச்சு எப்படிம்மா வந்திருக்கு, பாரு."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்து சுத்தம், மிளகாயின் சிவப்பு கச்சிதம், ஒரு குறை இல்லை. அதையே நல்ல அட்டையாகக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, மறுபடியும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பெல்ட் ஓடியது. சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. நூறு அட்டை போயிற்று, பச்சை விளக்கு எரியவே இல்லை.

திரையில் ஒவ்வொரு அட்டைக்கும் நான்கு மூலையிலும் கட்டம் போட்டுக் காட்டியது. ஓர் அட்டையை எடுத்து மூலை மூலையாகத் தேடினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லலா," என்றேன்.

"மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சு," என்றான் முகுந்தன். நீ மை கலந்த லட்சணம் அப்படி என்று அவனிடம் பாய்ந்தேன். அவனும் சும்மா விடவில்லை.

மூன்றரை மணிக்குக் கேமரா கம்பெனியிலிருந்து சத்தியசீலன் லாரியோடு வந்தார். லென்ஸைத் துடைத்தார், விளக்கை மாற்றினார். சிவப்புதான். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"லோகேஸ், ஒங்க பழைய மேசை ஸ்டோர்லதான் இருக்கு. எடுத்துப் போடச் சொல்லவா?"

நான் இன்னோர் அட்டையை எடுத்துப் பெல்ட்டில் வைத்தேன். சிவப்பு.

அப்போது ஆச்சி சுண்டலோடு உள்ளே வந்தார். குவிந்து கிடந்த அட்டைகளையும் எங்கள் முகங்களையும் பார்த்தார்.

"கண்ணு பட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல," என்றவர் சாமி படத்தருகே இருந்த மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்தார். தொட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நான்கு மூலையிலும் தடவிப் பெல்ட்டில் வைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஆச்சி இன்னோர் அட்டைக்குத் தடவி வைத்தார். அதுவும் பச்சை. முகுந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். படித்த மனுஷன் சத்தியசீலன், அவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் மட்டும் ஆச்சியின் மஞ்சள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சுக்கா?" என்றார் சத்தியசீலன்.

"காலையில மஞ்சத் தடவுன அட்டையத்தான் இதுக்குக் காட்டுனேன். நல்ல அட்டைன்னா மஞ்ச இருக்கணும்னு நம்பிக்கிட்டு, மஞ்ச எங்கன்னு நாள் பூரா கேட்டுக்கிட்டிருக்குலா."

பதினான்கு வருடம் புள்ளி பொறுக்கிய கண், நான்கு விரல் மஞ்சளைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்கும்? பிறந்ததிலிருந்து வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் மஞ்சள் மூலையோடுதான் வந்தது. மூலையில் மஞ்சள் இருந்தால் எங்களுக்கு அது கறை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நூறு மடங்கு சந்தோஷமாக இருந்தது.

சுத்தமான ஓர் அட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் கேமராவுக்குக் காட்டினேன். பெல்ட் ஓடியது. பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. எடுத்துப் பார்த்தால் மிளகாய்க் காம்பில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கீறல். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

பின்னாலேயே ஆச்சி மஞ்சள் தடவி வைத்திருந்த அட்டை ஒன்று போயிற்று. சிவப்பு எரிந்தது.

"என் மஞ்சளையா தள்ளுது?" ஆச்சிக்கு முகம் மாறிவிட்டது.

"விடுங்க ஆச்சி. போன மாசந்தான வந்துச்சு. நம்ம வழக்கம் அதுக்கென்னா தெரியும்," என்று அந்த அட்டையை எடுத்துக் கேமராவின் தூணில் ஒட்டினேன். ஆச்சி சிரித்துவிட்டு, தூணிலும் ஒரு விரல் மஞ்சள் வைத்தார். லென்ஸ் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

முதலாளி வாசலுக்குப் போய், "லாரி சும்மா போவட்டும்," என்றார். சத்தியசீலன் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே கிளம்பினார்.

ஐந்து மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தேன். செல்லம் அக்கா வழக்கம்போல எனக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். முச்சந்தியில் பஸ் திரும்பியது. ஒரு மாதமாக டியூப்லைட்டுக்குக் கீழே புள்ளி தேடாத கண்ணுக்கு, பலகையில் இருந்த எழுத்து அங்கிருந்தே தெரிந்தது.

"போர்டிக்சன் பஸ்சு வருதுக்கா," என்றேன். "வாங்க, நம்ம பஸ்சுதான்."