இருபத்திரண்டு ஆம்பியர்

அண்ணனுக்குக் கடைசியாகப் போடவிருந்த சட்டைக்குத் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் வேலை பார்த்த பட்டறையின் ஃபோர்மேன் உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சுமை தூக்குற வின்ச்சோட கம்பி வடம் பழசும்மா. அறுந்து, குழாய்க் கட்டு நேரா அவன்மேலயே விழுந்துடுச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

அவள் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். வடம் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அண்ணனே சொல்லியிருந்தான். அவளுக்கு வேலை பம்பு கம்பெனியில். தயாரான மோட்டார்களுக்குச் சுமை ஏற்றி மீட்டர் பார்ப்பாள். சுமை கூடினால் மோட்டார் இன்னும் முறுக்கி இழுக்கும். முறுக்க முறுக்கக் கரண்டைக் குடிக்கும். அளவு மீறினால் ரிலே என்ற காப்புக் கருவி அதை நிறுத்திவிடும். எட்டு வருஷமாக அவள் பார்த்து வரும் கூத்து அது.

"தூக்கின குழாய்க் கட்டு எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

"உத்தரத்துல ஒரு முனை சிக்கிச்சு."

"அப்போ கரண்ட் எகிறியிருக்குமே. வடம் அறுறதுக்கு முன்னாடியே ரிலே ஏன் நிறுத்தல?"

ஃபோர்மேன் அண்ணி இருந்த அறைப் பக்கம் பார்த்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மணி பன்னிரண்டுதான். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "வாங்க, பட்டறைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.

பட்டறைத் தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். என்ன அத்தனை அவசரம்? வின்ச்சின் மின்பெட்டி பூட்டியிருந்தது. சாவிக்காக ஃபோர்மேன் இரண்டு பைகளையும் துழாவினார். அது அவர் கையிலிருந்த கொத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார்த் தகட்டில் இருபத்திரண்டு ஆம்பியர். அதைத் தாண்டியதும் நிறுத்த வேண்டிய ரிலேயின் குமிழ் முப்பத்திரண்டில் நின்றது.

"யாரு திருப்பினது?"

அவர் மூலையிலிருந்த மேசைப் பக்கம் நடந்தார்.

"நீங்கதானே?"

இழுப்பறையிலிருந்து ஒரு பராமரிப்பு நோட்டை எடுத்து நீட்டினார். அண்ணனின் கோழிக்கிறுக்கல்: 'வின்ச் அடிக்கடி நிக்குது. தங்கச்சியக் கேட்டேன். ஏத்தி வைக்கச் சொன்னா. 32.' கீழே ஃபோர்மேனின் கையெழுத்து.

போன மாதம். டெஸ்ட் மேசையில் மோட்டார்கள் வரிசையாகக் காத்திருக்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கொஞ்சம் ஏத்தி வச்சுப் பாருண்ணே, அப்புறம் பேசலாம்" என்றிருந்தாள். எதனால் நிற்கிறது என்று கேட்கவில்லை. அப்புறம் பேசவும் இல்லை.

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கத்தக் கிழிச்சிடலாம்மா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

காலையிலேயே ஏன் கிழிக்கவில்லை? இப்போது கேட்பது இரக்கப்பட்டா, இல்லை அவள் வாயை அடைக்கவா? அவர் முகத்தில் வியர்வையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"நோட்ட நான் எடுத்துட்டுப் போறேன்."

"யாருகிட்டக் காட்டப்போற?"

அவள் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அண்ணி கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். தங்கை அந்தப் பக்கத்தைத் திறந்து கட்டில்மேல் வைத்தாள்.

"நான்தான் அண்ணி ஏத்தச் சொன்னேன். ஃபோர்மேனும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

அண்ணி படித்தாள். விரலை வைத்து மறுபடி படித்தாள். பிறகு நோட்டை மூடி, துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அண்ணி விரிப்பின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் மடித்தபடியே நெருங்கினார்கள். முனைகள் சேரும் இடத்தில் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரிப்பை மட்டும் விடவில்லை.