இரண்டாவது அன்னம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. நசரத்பேட்டையில் என் தங்கை ரோஸி வீட்டு விருந்தில், அவள் கணவரின் அண்ணன் பிரியாணிக்கு நடுவே, "நம்ம ஜெயபால் ஒத்த வாத்த ரெண்டாக்கி பிரைஸ் வாங்கப் போன ஆளாச்சே" என்றார். பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டு விஷயத்தைச் சம்பந்தி வீட்டார் வாயால் கேட்பதைவிட நானே முறையாக எழுதிவிடுவது மேல் என்று பட்டது. ஆகவே வாசகரே, இது என் தம்பிக்காக நான் பேசும் வக்காலத்து. அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

'1988 தை மாதம் பருத்திப்பட்டு ஏரியில் இரண்டு அன்னங்கள் இறங்கின.'

'1988 தை மாதம் பருத்திப்பட்டு ஏரியில் ஓர் அன்னம் இறங்கியது.'

'1988 தை மாதம் பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் இருந்தது.'

மூன்றாவதில் எனக்குச் சந்தேகமில்லை. அதையே வைத்துக்கொள்வோம்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பறவை அறிந்தவர்கள் அதை வரித்தலை வாத்து என்பார்கள். வடக்கே மலை தாண்டி வருவது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. எங்கள் வீட்டில் அதற்கு அன்னம் என்று பெயர். இந்தக் கதையிலும் அதுதான் பெயர்.)

2

என் தம்பி ஜெயபால் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் லேத்து எந்திரம் ஓட்டினான். ஓய்ந்த நேரமெல்லாம் கேமரா. அந்தத் தை மாதக் காலைகளில் இடுப்பளவு தண்ணீரில், கோரைக்குள், தலையில் ஆகாயத்தாமரையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். இரவல் வாங்கிய நீளமான லென்ஸ் நனையாமல் இருக்கக் கையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். தோள் மரத்துப்போகும். அன்னம் மிதக்கும் படம் அவனிடம் நிறைய இருந்தது. அவனுக்கு வேண்டியது எழும்பும் படம்: கழுத்தை நீட்டி, தண்ணீரின் மேல் ஓடி, ஓட்டம் எந்த இடத்தில் பறத்தல் ஆனது என்று சொல்ல முடியாத அந்த ஒரு கணம்.

பிலிம் ரோலில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தபோது கரையிலிருந்து குரல் வந்தது. எருமை ஓட்டிவரும் கோவிந்தன்.

"இன்னா நைனா, தலையில தழைய வச்சிகினு நிக்கிறே? கடன்காரன் தேடுறானா, பொண்ணு ஊட்டுக்காரன் தேடுறானா?"

அந்தச் சத்தத்தில் அன்னங்கள் ஓடின. ஜெயபால் விசையை அழுத்தினான். சட்டத்துக்குள் ஒன்று முழுதாக விழுந்தது. இன்னொன்று அதற்குப் பின்னால், சட்டத்துக்கு வெளியே இருந்தது. கேமராவை இறக்கியபோது வானத்தில் இரண்டு போய்க்கொண்டிருந்தன.

இது ஜெயபால் சொன்னது. எத்தனை பறந்தது என்று கோவிந்தனைப் பின்னால் ஒருநாள் நானே கேட்டேன். "எருமைய எண்றதுக்கே எனக்கு நேரமில்ல சாமி" என்றான்.

3

இந்த இடத்தில் சம்பத் வரவேண்டும். அம்பத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவன், ஜெயபாலின் சிநேகிதன். அவனைக் கெட்டவனாக எழுத முயன்றேன், சரிவரவில்லை. அவனிடம் கெட்டது ஒன்றும் இல்லை, பழக்கம்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் படத்தில் அப்பா இல்லாமல் இருக்கக்கூடாது. இறந்துபோயிருந்தாலும் இருக்க வேண்டும். பழைய படம் ஒன்றிலிருந்து அவரை வெட்டி, கல்யாணப் படத்தில் அம்மா பக்கத்தில் ஒட்டி, அதை மறுபடி படமெடுத்து, தோள் விளிம்பில் தூரிகையால் தடவிச் சரிசெய்வார்கள். ரோஸி கல்யாணத்துக்கு முந்தின வருடம் எங்கள் அப்பா காலமானார். சம்பத்தான் அவரை மேடைக்குக் கொண்டுவந்தான். அந்தப் படம் எங்கள் கூடத்தில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும், "அப்பா எவ்வளவு களையா நிக்கிறார்" என்பார்கள்.

அந்த வேலை முடிந்த கையோடு சம்பத்திடம் அன்னத்தின் நெகட்டிவ் போயிற்று. பட்டணத்தில் புகைப்படச் சங்கம் ஒன்று நடத்திய போட்டிக்குப் பெரிதாக்கிக் கொடுக்கச் சொல்லி. ஜெயபாலுக்கு அந்த வாரம் ஓவர்டைம். காகிதம் வாங்கப் பட்டணம் போன சம்பத்தே படத்தைச் சங்கத்தில் சேர்த்துவிட்டான்.

[ஜெயபால் அதற்கு முன்பே அந்தப் படத்தைப் பார்த்திருந்தால்— இல்லை. எங்கள் வீட்டில் அப்படி நடக்காது. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.]

4

சங்கம் வைத்த கண்காட்சியில் தன் படத்துக்கு முன்னால் ஜெயபால் நெடுநேரம் நின்றான். சட்டத்தில் முதற்பரிசுப் பட்டை ஒட்டியிருந்தது. படத்தில் இரண்டு அன்னங்கள். முன்னது பெரிது, பின்னது சற்றுச் சிறிது, கொஞ்சம் சாய்ந்து. 'முன்னதின் வேகத்துக்குப் பின்னது பதில் சொல்கிறது' என்று நடுவர் அட்டையில் எழுதியிருந்தார். ஏரியில் அவன் பார்த்தது இதேதான். ஆனால் எடுத்தது இது இல்லை.

அம்பத்தூருக்கு ஓடினான்.

"சம்பத்து, இன்னாடா பண்ணி வச்சிகீறே?"

"இன்னா மச்சான்? ஒத்தையா கீதேன்னு ஜோடி சேத்தேன். அந்தப் பக்கம் மொத்தமும் காலியா கெடந்துச்சு, கண்ண உறுத்துச்சு."

"போட்டிடா அது. ஒட்டு வேலை கூடாதுன்னு போட்டுகீறாங்க."

"எனக்கின்னா தெரியும்? நீதான சொன்னே, ரெண்டு பறந்துச்சு, ஒண்ணுதான் மாட்டுச்சுன்னு. மாட்டாதத நான் மாட்னேன்."

ஜெயபால் அப்படிச் சொன்னானா? அவனுக்கே தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த நாட்களில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் யாரோ சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். இரண்டு பறவைக்கும் இடது இறக்கையில் ஒரே இடத்தில் ஓர் இறகு இல்லையாம், ஒரே பறவையை இரண்டு தடவை ஒட்டியதாம். ஞாயிற்றுக்கிழமை நெகட்டிவோடு வந்து உறுப்பினர்கள் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஜெயபாலுக்குச் செய்தி வந்தது.

5

இப்போது கதைக்கு ஓர் அண்ணன் தேவைப்படுகிறார். இக்னேஷியஸ். நான்தான். ஆனால் வீட்டுக்கு மூத்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை, அப்படியே எழுதுகிறேன்.

"நெகட்டிவ குடுத்துட்றேண்ணே" என்றான் ஜெயபால். "ஒட்டுப்படம்னு ஒத்துக்கிறேன். பரிசு போனா போவுது."

"ஒட்டினது யாரு? நீயா?"

"சம்பத்து. ஆனா பேரு என்னுது."

"பேரு உன்னுது இல்லடா. அப்பாவுது" என்றார் இக்னேஷியஸ். "நாலு பேர் முன்னாடி ஒட்டுனது மோசடின்னு நீயே சொல்லிட்டு வரப்போறே. சொல்லு. ஆனா வந்து இந்தச் சுவரப் பாத்தும் சொல்லு. இங்க அப்பா நிக்கிறாரே, இது இன்னா?"

ஜெயபால் சுவரைப் பார்க்கவில்லை. "அது வேறண்ணே."

"இன்னா வேற?"

"அது... ஊட்டுக்குள்ள கீது."

அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். [சொன்னதை எழுதினேன், திரும்பப் படித்தபோது கோயில் பிரசங்கம் போல இருந்தது, எடுத்துவிட்டேன்.]

அம்மா லூர்தம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அன்னிக்கு அவரு வந்தாருடா. எம் பக்கத்துலதான் நின்னாரு. காலு வலிக்குதுன்னு கூட சொன்னாரு" என்றாள்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, இந்த வரியை எழுதும்போதும் அம்மா சொன்னதை அப்படியே விட்டிருக்கிறேன்.

6

முடிவுகள்.

ஒன்று: ஜெயபால் நெகட்டிவைக் கொடுக்கிறான். பட்டை கழற்றப்படுகிறது. யாரோ கை தட்டுகிறார்கள், நேர்மைக்காக. அன்று முதல் கூடத்தைக் கடக்கும்போது அவன் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

இரண்டு: நெகட்டிவ் தொலைந்துவிட்டது என்கிறான். பரிசு வீட்டுக்கு வருகிறது. பொய் சொல்லி வாங்கிய பொருளை எந்தச் சுவரில் மாட்டுவது?

மூன்று: இக்னேஷியஸ் சங்கத்தின் அறைக்குள் நுழைந்து, எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று நிதானமாகப் பேசுகிறார். உறுப்பினர்கள் எழுந்து நிற்கிறார்கள். எழுத மிகவும் சுகமாக இருந்தது. அடித்துவிட்டேன். அவர் உள்ளே போகவில்லை.

நான் உள்ளே போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தேன். ஜெயபால் நெகட்டிவை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனான். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆவடி ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பட்டரவாக்கம் தாண்டியதும் அவன் கேட்டான்:

"அண்ணே, அப்பா அம்மாவவிட அவ்ளோ உயரமா? இல்ல, சம்பத்து கொஞ்சம் தூக்கி வச்சிட்டானா?"

யோசித்துப் பார்த்தேன். அப்பாவை நினைவில் எங்கே நிறுத்தினாலும் அந்தப் படத்தில் நிற்கிற உயரத்தில்தான் நின்றார். வேறு உயரம் எனக்கு வரவே இல்லை.

அதன் பிறகு அவன் ஏரிக்குப் போனதில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டதும் இல்லை. ஆகவே வாசகரே, அந்த மாடிப்படியில் ஏறிப் போகவேண்டியது இனி நீங்கள்தான். என் தம்பி அங்கே கவரோடு நிற்கிறான். அவர்கள் கை நீட்டுகிறார்கள். அவன் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். அப்பா எங்கள் சுவரில் இருக்க வேண்டும், இவனும் தலை நிமிர்ந்து இறங்கி வரவேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி என்னால் எழுத முடியவில்லை.