தலைமன்னார் போன மேனாம்பேட்டு மாப்பிள்ளை

1982 மாசியில், மெட்ராசை ஒட்டிய மேனாம்பேட்டு வேம்புலி இலங்கைக்குப் புறப்பட்டார். அதுவரை அவர் தெற்கே கண்ட எல்லை செங்கல்பட்டு. அதனால் என்ன? ஆவடித் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் எல்லா ஊர்க்காரர்களோடும் டீ குடித்தவருக்குத் தமிழ்நாடே அத்துப்படி.

"லாட்ஜு இன்னாத்துக்குமே? விழுப்புரத்துல நம்ம லட்சுமணன் ஊடு கீது. திருச்சில பார்த்தசாரதியோட அண்ணன் கீறாரு. ராம்நாட்டுல நாகேந்திரனோட மாமியார் ஊடு," என்று கூட வேலை செய்பவர்கள் எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களை மனைவி தாட்சாயிணியிடம் ஆட்டிக் காட்டினார்.

தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய சின்னம்மா சொர்ணம், மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தாள். அழைப்பு தாட்சாயிணிக்கு வந்தது. பயணம் மட்டும் எப்படியோ வேம்புலியுடையதாகிவிட்டது.

விழுப்புரத்தில் அவர்களுக்காகக் கோழி அடித்தார்கள். வேம்புலி மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டு, காரம் கொஞ்சம் கம்மி என்று பெருந்தன்மையோடு மன்னித்தார். திருச்சியில் வீட்டுக்காரர் தம் கட்டிலைக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். காலையில் வேம்புலி, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அவரிடமே சொன்னார். முன்பின் தெரியாத அந்த மனிதர் எண்ணெய் போட்டு வைப்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். தாட்சாயிணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ராமநாதபுரத்து அம்மாள் வழிக்கென்று புளிச்சோறும் வறுத்த மீனும் கட்டிக் கொடுத்தாள். பொட்டலத்தை வேம்புலி பேருந்து கிளம்புமுன்பே முடித்துவிட்டார்.

ராமேஸ்வரத்தில் கப்பலைப் பார்த்ததும், பக்கத்தில் நின்றவர்களுக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்க. செம்பரம்பாக்கம் ஏரியில இக்கரைக்கும் அக்கரைக்கும் நீச்சலடிச்சவன் நானு. தண்ணின்னா எல்லாம் ஒரே தண்ணிதான்."

கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் அவர் கப்பல் தளத்தில் மல்லாந்து கிடந்தார். விழுப்புரம், திருச்சி, ராமநாதபுரம் மூன்றையும் தலைகீழ் வரிசையில் கடலுக்குத் திருப்பித் தந்தார். தைரியம் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர் அவர் மூக்கருகே எலுமிச்சம்பழம் பிடித்தார்.

"தாச்சு, கப்பல நிறுத்தச் சொல்லுமே…"

"நிறுத்துனா எங்க எறங்குவே?" என்றாள் தாட்சாயிணி.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவர் முகத்தைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு பக்கமும் தண்ணீர். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எதுவும் அடுப்பில் இல்லை. இப்படி ஒரு இடம் இருக்கிறதென்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

அக்கரையில் சுங்க அதிகாரி வேம்புலியிடம் பெயர் கேட்டார். வேம்புலி வாயைத் திறக்கப் பயந்தார். பெயர், ஊர், வந்த காரணம் எல்லாவற்றையும் தாட்சாயிணியே சொன்னாள். சீருடைக்காரர் ஒருவரிடம் அவள் பேசுவது அதுவே முதல் தடவை. குரல் நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்துக்கொண்டாள்.

சொர்ணம் வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துப் பதறினாள்.

"என்ன பிள்ளை, மாப்பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?"

அந்த ஊரில் நோய்க்குத்தான் வருத்தம் என்று பெயர். வேம்புலிக்கு அது தெரியாது.

"வருத்தம்லாம் இல்ல. உங்க உபசாரத்துல ஒரு கொறையும் இல்ல," என்று ஈனக் குரலில் பெருந்தன்மை காட்டினார்.

கல்யாண வீட்டில் புட்டும் நண்டுக் குழம்பும் மணத்தன. தாட்சாயிணி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வேம்புலிக்கு நான்கு நாளும் கஞ்சிதான். நான்காம் நாள் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, சொர்ணத்தின் கணவரான சின்ன மாமனாரைத் தனியே அழைத்தார்.

"மாமா, இங்கிருந்து மெட்ராசுக்கு பஸ் எதுனா கீதா?"

மாமனார் பாவம், சிரிக்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார். அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தாட்சாயிணி சிரமப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சொர்ணமும் சேர்ந்துகொண்டாள். பிறகு தாட்சாயிணி எழுந்து போய், கணவருக்காக நான்கு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.