ரேவன் வரிசையில் கடைசி இடம்

சனிக்கிழமை காலையில் நாங்கள் கூடுகிற இடம், மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் முன்னால் இருக்கும் கார் நிறுத்துமிடம். நாங்கள் என்றால் பே சிட்டியில் பழைய ரேவன் கார் வைத்திருப்பவர்கள். கோடையில் பத்துப் பேர் இருப்போம். குளிர் எட்டிப் பார்த்துவிட்டால் ஐந்தாறு பேர்.

ஹாலோரன் கம்பெனி ரேவனை ஏழே வருடங்கள்தான் செய்தது. அறுபத்தெட்டில் தொடங்கி எழுபத்துநாலோடு நிறுத்திவிட்டது. எங்கள் வரிசையும் அந்த வருடக் கணக்கில்தான் நிற்கும். விளக்குக் கம்பத்தை ஒட்டி ராஸ் டூபே என்கிற பெண்ணின் அறுபத்தெட்டு. மறுகோடியில், நடைபாதை விளிம்பை இடித்துக்கொண்டு வெர்லின் டாக்கெட்டின் எழுபத்துநாலு. நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கும். அது என் எழுபத்தொன்று நின்ற இடம்.

முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு என் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பழைய ரேவனின் கிளட்சை மிதிப்பது நல்ல காலுக்கே வேலை. வசந்தத்தில் ஒஹையோவிலிருந்து ஒருவர் வந்து வண்டியை விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் அந்த இடத்தில் யாரும் நிறுத்தவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. எங்கள் ஆட்கள் எஞ்சினைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள், இந்த மாதிரி விஷயத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

என் மனைவி டோரீனின் சின்னக் காரில் போய், காபிக் கோப்பையுடன் நிற்பேன். ஒன்பதரைக்கு எல்லோரும் கிளம்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வளைகுடாக் கரைவரை வரிசையாகப் போவார்கள். நான் கையசைத்துவிட்டு வீடு திரும்புவேன். ஒருமுறை ராஸ் தன் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டாள். அவள் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் என் இடது கால் தரையில் எதையோ தேடியது. அதன்பிறகு நான் ஏறவில்லை.

அப்படித்தான் புது ரேவனை வாங்கினேன். பேட்டரியில் ஓடுவது. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, வலது கால் இருந்தால் போதும். மூன்று வாரமாக அது எங்கள் கொட்டகைக்குள் நின்றது. வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் அந்த மூன்று வாரமும், அதற்கு முன் இரண்டு வருடமும், சனிக்கிழமைப் பேச்சு முழுக்க அந்த வண்டியைத் திட்டுவதாகத்தான் இருந்தது.

திட்டாமல் என்ன செய்வார்கள்? ஐம்பது வருடம் கழித்து ஹாலோரன் அந்தப் பேரைத் தோண்டி எடுத்தது. பழையபடி எட்டு சிலிண்டர் எஞ்சின் வரும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு எஞ்சினே இல்லை, பேட்டரிதான் என்றார்கள். சத்தம் இல்லையே என்று ஜனங்கள் கேட்டதும், பின்னால் ஸ்பீக்கர் வைத்து உறுமவிட்டார்கள். உறுமல் போதவில்லை என்றதும் அதைக் கூட்டினார்கள். ஒரு கம்பெனி தன் பிள்ளைக்கே வெட்கப்படுகிற மாதிரி இருந்தது அது.

"என்னைக்கு வெளிய எடுக்கப் போற?" என்று வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் டோரீன் கேட்டாள்.

"பாக்கலாம்."

"பாத்துக்கிட்டேதான் இருக்க. நார்பர்ட், நீ வாங்கினது காருதானே, களவாடின மாடு இல்லையே? எதுக்கு இப்படி ஒளிச்சு வெச்சிருக்க?"

"அவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இந்த வாரம் என் கார் கிடையாது. என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்." அவளுக்கு அப்படி ஒரு பயணம் இருந்ததாக எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை பாதி வழியில் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. விற்பனை சரியில்லாததால் பேட்டரி ரேவனை ஹாலோரன் நிறுத்துகிறதாம். அடுத்த வருடம் எட்டு சிலிண்டரோடு ஒரு ரேவன் வருமாம். ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன் போல. பின்னால் வந்த ஒருவர் இறங்கி வந்து, வண்டி நின்றுவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். திரும்பிப் போனால் எங்கே போவது? டோரீனும் வீட்டில் இருக்க மாட்டாள்.

நான் உள்ளே நுழைந்தபோது அங்கே திருவிழாபோல இருந்தது. வெர்லின் டோனட் பெட்டியைத் தன் வண்டியின் பானெட் மேல் திறந்து வைத்திருந்தான். எங்கள் கூட்டத்தில் பானெட்டின் மேல் எதையும் வைப்பது பெரிய குற்றம். அவனே வைத்திருந்தான் என்றால் எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஜெயிச்சிட்டோம்டா!" என்று கத்திக்கொண்டே திரும்பியவன், என் வண்டியைப் பார்த்ததும் வாயில் டோனட்டோடு நின்றான்.

நான் காலி இடத்தில் நிறுத்தவில்லை. நடுவழியில் நிறுத்தி இறங்கினேன்.

டெல் சிமான்ஸ்கிதான் முதலில் பேசினான். வண்டிகளின் எண்ணிக்கை, நிற வரிசை எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவன் அவன். "நார்ப், இது வாடகை வண்டியா?"

"என்னோடது."

"எப்ப வாங்கினே?"

"மூணு வாரம் ஆச்சு."

ராஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். சிரித்தால் எல்லாப் பல்லும் தெரியும். "மூணு வாரமா இதை வீட்டுல வெச்சுக்கிட்டு, இங்க வந்து நாங்க திட்டறதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு இருந்தியா? உன்னை மாதிரி அமுக்குணி இந்த ஊருல கிடையாதுய்யா."

"தலையாட்டல. சும்மா நின்னேன்."

"பானெட்டத் தொறடா," என்றான் வெர்லின்.

அது எங்கள் வழக்கம். உள்ளே பார்க்காமல் யாருடைய வண்டியையும் திட்டக்கூடாது. பார்த்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம். அதில் டோரீன் மறந்து விட்டுப்போன துணிப்பை ஒன்று கிடந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் டெல் கைவிளக்கைக்கூட எடுத்துவிட்டான்.

"முன்னாடியும் ஒரு டிக்கி," என்றாள் ராஸ், ரொம்ப மென்மையாக. "எஞ்சின் இருக்கவேண்டிய எடத்துல காய்கறிப் பை."

"இந்த வரிசையில இது நிக்கக்கூடாது," என்றான் வெர்லின். அவன் சிரிக்கவில்லை. "நார்ப், உன் மேல ஒண்ணும் இல்ல. அந்தச் சலவைக்கடைப் பக்கம் போட்டுக்க. ஹாலோரன்காரனுங்க பண்ணின கூத்துக்கு நாம எடம் கொடுத்தா, நாளைக்கு மிக்ஸியில ரேவன் பேரை ஒட்டிட்டு வருவானுங்க."

"பேரு அவங்களோடது வெர்லின்," என்றாள் ராஸ். "எதுல வேணா ஒட்டுவாங்க."

"பேரு அவனுங்களோடதா? அம்பது வருஷம் அவனுங்க மறந்துபோனப்ப காப்பாத்தினது யாரு? துரு பிடிக்காம தொடச்சது யாரு?"

"நீ தொடச்சது உன் வண்டிய. அவங்க கடைய இல்ல. வியாபாரம் பண்றவன் விக்கிறத செய்வான். இது விக்கல, நிறுத்திட்டான். நாளைக்கு எட்டு சிலிண்டரும் விக்கலேன்னா அதையும் நிறுத்துவான். அன்னைக்கு யார் ஜெயிச்சதா கத்துவ?"

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சலவைக்கடையைப் பார்த்தேன். அங்கே நிறுத்தலாம். நிறுத்திவிட்டு நடந்து வரலாம். ஆனால் ஒன்பதரைக்கு இவர்கள் கிளம்பும்போது அங்கிருந்து எப்படிச் சேர்ந்துகொள்வது? வரிசையில் நிற்காத வண்டி வரிசையில் போக முடியாது. அது யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் அப்படித்தான்.

அதற்குள் டெல் தன் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியது. "நார்ப், இந்தப் பச்சைக்கு என்ன பேரு?"

"தெரியாது. பச்சைன்னு கேட்டேன்."

"பைன் பச்சை. முதல் வருஷம் மட்டும்தான் போட்டிருக்கான். இதுல வெள்ளை சீட்டோட..." அவன் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். "அடப்பாவி, வெள்ளை சீட்டு! இனிமே இதை எவன் செய்யப் போறான்? ரொம்பக் கொஞ்சம்தான்டா இருக்கும்."

வரிசையில் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதி எனக்குத் தெரியும். ஏலத்தில் ஒரு வண்டியின் மேல் துணியை விலக்கும்போது வருவது. ஒருவன் என் வண்டியின் கதவுப் பிடியைத் தொட்டுப் பார்த்தான். சற்று முன்பு திட்டித் தீர்த்த அதே வண்டி. அது செத்துப்போன செய்தி வந்து இன்னும் ஒரு பொழுது முடியவில்லை.

"ஓட்டாதே," என்றான் டெல். "இன்னைக்கே கொண்டுபோய் மூடி போட்டு நிறுத்து. எவ்வளவு ஓடியிருக்கு? அவ்வளவுதானா? அப்படியே வெச்சிரு. பத்து வருஷம் கழிச்சு இதே எடத்துல எல்லாரும் கியூவுல நிப்பானுங்க."

"ஆமாய்யா, மழைகூடப் படக்கூடாது," என்றான் இன்னொருவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சநேரம் முன்பு என்னைச் சலவைக்கடைக்கு அனுப்பினார்கள், இப்போது கொட்டகைக்கு அனுப்புகிறார்கள். இரண்டும் ஒரே இடம்தான். அவர்கள் போகும்போது கையசைத்துக்கொண்டு நிற்கிற இடம்.

எனக்குப் பேச வராது. டோரீன் என்னிடம் பேச்சு வாங்குவதைக் கிணற்றில் நீர் இறைப்பது என்பாள். ஆனாலும் சொன்னேன். "நான் இத வெச்சுப் பாக்க வாங்கல டெல். பாலத்தைத் தாண்ட வாங்கினேன். என் கால் வேலை செய்யல. உங்களுக்கெல்லாம் தெரியும். இது ஒண்ணுதான் நான் ஓட்டற மாதிரி ரேவன்னு பேரு வெச்சிருக்கு."

ஒரு கடற்பறவை வந்து டோனட் பெட்டியில் உட்கார்ந்தது, அதை யாரும் விரட்டவில்லை.

வெர்லின் தன் எழுபத்துநாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் வாங்கியது. வண்டிப் புகையைக் குறைக்கச் சொல்லும் சட்டம் வந்து எஞ்சினின் கழுத்தை நெரித்த வருடம். பூங்கா பெஞ்சு மாதிரி பம்பர். ஹாலோரன் ரேவனைக் கொன்றுவிட்டது என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அவனை இந்த வரிசையில் சேர்ப்பதற்கே எத்தனையோ கோடைகள் ஆயின. இன்றும் யாராவது வேகத்தைப் பற்றிப் பேசினால், "வெர்லின், காத மூடிக்க" என்பார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அவன் பறவையை விரட்டினான். பெட்டியை மூடினான். வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டான். கிளம்பிப் போகிறான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. தலையை வெளியே நீட்டி, "எழுபத்திரண்டு, எழுபத்திமூணு, எல்லாரும் அந்தப் பக்கம் நகருங்கடா!" என்று கத்தினான். "கடைசியில எடம் வேணும்."

ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. என் பழைய இடத்தில் எழுபத்திரண்டு வந்து நின்றது. அந்தக் காலியிடத்தை நான்தான் அவ்வளவு நாளாகப் பிடித்து வைத்திருந்தேன் போலும். கோடியில், நடைபாதை விளிம்பை ஒட்டி, ஓர் இடம் திறந்தது. அங்கே நிறுத்தினேன்.

"இது ரேவன் இல்ல," என்றான் வெர்லின், என் கதவருகே குனிந்து. "அதை நான் சாகிற வரைக்கும் சொல்லுவேன்."

"சொல்லு."

"ஆனா இனிமே கடைசி நான் இல்ல. அது நல்லா இருக்கு."

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ராஸ் முன்னால், நான் கடைசியில். இத்தனை வருடம் ஓட்டும்போது என் எஞ்சின் மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. இன்று ஸ்பீக்கர் உறுமலை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கியதும், முன்னால் போகிற எல்லாருடையதும் தனித்தனியாகக் கேட்டது. ராஸுடையது இருமுகிறது. அவளிடம் சொல்ல வேண்டும்.

பாலத்துக்கு வந்தபோது மணி அடித்து, தடுப்புக் கட்டை இறங்கியது. ஜல்லி ஏற்றிய கப்பல் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. பாலம் இரண்டாகப் பிரிந்து எழுந்தது. வெர்லினின் வண்டி நின்ற இடத்தில் சூடாகிற சாதி. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, கேட்காமலே என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"வண்டி ஓடிக்கிட்டு இருக்கா, நிக்குதா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவன் தலையாட்டினான். கப்பல் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீளமான கப்பல். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்ததால் காற்றுகூட உள்ளே வரவில்லை. வெர்லினோடு இப்படி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். ஒருவேளை உட்கார்ந்ததே இல்லையோ.

பாலம் இறங்கியது. தடுப்புக் கட்டை ஏறியது. முன்னால் எல்லோரும் நகர்ந்தார்கள். எங்களுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"போய்யா," என்றேன். "உன் வண்டி நடுரோட்டுல நிக்குது."

"சீட்டு நல்லா இருக்குடா," என்றான் அவன், எழுந்திருக்காமல்.

மறுபடி ஹாரன். அவன் முனகிக்கொண்டே இறங்கி, இடுப்பைப் பிடித்தபடி தன் வண்டிக்கு நடந்தான். இரண்டாவது முயற்சியில் அது பிடித்தது. அவன் கையை வெளியே நீட்டி, வா என்றான். நான் வலது காலை அழுத்தினேன். பாலம் ஏறினோம்.