இரண்டாவது பேஸுக்கு எறிந்த பந்து

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, ஒக்லஹோமா மாநிலத்தில் துல்சா நகருக்குத் தெற்கே உள்ள ஒரு மைதானத்தில் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கான சாஃப்ட்பால் போட்டி நடந்தது. காலை ஆட்டத்தின் நான்காம் இன்னிங்ஸில், பிட்சர் வீசும் பந்தை அடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சர் டெலானி ஹாஸ் இரண்டாவது பேஸுக்கு எறிந்த பந்து, அங்கே அதைப் பிடிக்கக் காத்து நின்ற சக ஆட்டக்காரியின் தலைக்கு மேலே பறந்து புல்லில் விழுந்தது. அந்தப் பேஸை நோக்கி ஓடிவந்து அவுட்டாகியிருக்க வேண்டிய எதிரணிப் பெண் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிட்டாள்.

டெலானியின் அப்பா வெண்டல் இடது பக்கக் கோட்டோரம் தனியே நின்றுகொண்டிருந்தார். மின்சாரக் கம்பங்களில் ஏறி வேலை செய்கிறவர். நாற்காலி போட்டு உட்காரும் பழக்கம் இல்லை. பந்து பறந்ததும் அவர் பார்வை மகளிடம் போகவில்லை. அடிப்பவளுக்குப் பின்னால் உள்ள கம்பி வலைக்குப் பின்னே, மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பயிற்சியாளர்களிடம் போனது. யார் என்ன தொப்பி, யார் குனிந்து எழுதுகிறார் என்று பார்த்தார்.

இரண்டு வருடமாக அவர் அப்படித்தான் பார்த்துவந்தார். பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பதினோராம் வகுப்பு செப்டம்பர் முதல் தேதி வரை பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசக் கூடாது என்பது விதி. அதனால் அவர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள். வலையோரத்தில் நிற்கும் அப்பாக்கள் அந்த மௌனத்தைத்தான் படிக்கக் கற்றிருந்தார்கள். பேசாதவர் பெரிய ஆள். தானாக வந்து கை கொடுப்பவர் சின்னக் கல்லூரிக்காரர். அவர்களுக்கு அந்த விதி இல்லை.

முந்தைய வருடம் கோடையில் கொலராடோவில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருவர், டெலானி அடிக்க வந்தபோது ஏதோ எழுதினார். வெண்டல் அதைப் பத்திரமாக மனதில் வைத்திருந்தார். செப்டம்பர் முதல் தேதி வந்தது. டெலானியின் தொலைபேசி சாப்பாட்டு மேசையில் நாள் முழுக்கக் கிடந்தது. அழைத்தது பாட்டி மட்டும்தான்.

அப்போதே அணியின் பயிற்சியாளர் டாரல் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"வெண்டல், ஒங்க பொண்ணு நல்ல கேட்சர். பொய் சொல்லல. ஆனா பெரிய எடத்துல கேக்குற வேகம் அவ கையில இல்ல. ஸ்டாப்வாட்ச் யாருக்கும் சொந்தக்காரன் கிடையாது. சின்னக் காலேஜுங்களுக்கு எழுதச் சொல்லுங்க. அங்க அவ நாலு வருஷம் ஆடலாம்."

"அவளுக்கு வயசு பதினாறு, டாரல். இன்னும் வளருவா."

"நீங்க வளந்தா போதும்," என்று சொல்லிவிட்டு டாரல் சிரித்தார். வெண்டல் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஓடி, டெலானி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெரிய இடங்களில் அவள் வயதுக் கேட்சர்களையெல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். வெண்டலுக்கும் அது தெரியும். தெரிந்த விஷயத்தை அவர் யாரிடமும் பேசாமல் வைத்திருந்தார், தன்னிடம்கூட.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பெண்கள் டாரலைச் சுற்றிக் கூடியிருந்தபோது, வலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். அரக்கு நிற ஜாக்கெட். நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வெண்டலிடம் வந்தார்.

"டெலானியோட அப்பா தானே? நான் மார்லா வீப். கான்சஸ்ல ஹாலோவே காலேஜ் கோச்."

தானாக வந்து பேசியதிலேயே சின்னக் கல்லூரிக்காரர் என்று வெண்டல் முடிவுகட்டிவிட்டார். அவர் கை கொடுத்தார். கண் மட்டும் மார்லாவின் தோளைத் தாண்டி, இன்னும் உட்கார்ந்திருந்த தொப்பிகளின் மேல் இருந்தது.

"அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒரு கேட்சர் வேணும். ஒரே எடம் தான். ஒங்க பொண்ண எனக்குப் பிடிச்சிருக்கு. அவகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போலாம்னு."

"ரொம்ப தூரம் வந்திருக்கீங்க," என்றார் வெண்டல். "ஆனா அவ முடிவு பண்ணிட்டா. பெரிய எடத்துலதான் ஆடணும்னு இருக்கா."

"அப்படியா? அவளே சொன்னாளா?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். பின்னால் பல நாள் வெண்டல் இந்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றார்.

"ஆமா. யாராவது கேட்டா நீங்களே சொல்லிடுங்கப்பான்னு சொன்னா."

மார்லா ஒரு கணம் அவரைப் பார்த்தார். "சரி. சுத்தி வளைக்காம சொன்னீங்க, நன்றி. நல்லா இருக்கட்டும் பொண்ணு." நாற்காலியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு வண்டி நிற்கும் பக்கம் நடந்தார்.

திரும்பி வரும் வழியில், பிக்கப் வண்டியின் முன்னிருக்கையில் டெலானி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைதானத்து மண் இன்னும் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"அப்பா, அரக்குக் கலர் ஜாக்கெட் போட்டு ஒரு அம்மா ஒக்காந்திருந்தாங்களே, பாத்தீங்களா?"

"கவனிக்கல கண்ணு. ஏன்?"

"நான்தான் அவங்கள வரச் சொல்லி எழுதியிருந்தேன். ஹாலோவே காலேஜ். அங்க நர்சிங் இருக்கு. டீமும் சின்னது, மொத வருஷமே ஆட விடுவாங்க." கன்னத்து மண்ணைச் சுரண்டினாள். "ஒங்ககிட்ட சொன்னா மூஞ்சத் தூக்கிப்பீங்கன்னு சொல்லல."

வெண்டல் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் பாத்தாங்க. ஆனா வந்து பேசல. அந்தத் த்ரோ தான்பா. அதப் பாத்துட்டு யாரு வந்து பேசுவா?"

"ஒரு த்ரோவுல என்னடி இருக்கு?"

"எல்லாம் அதுல தான் இருக்கு."

சின்னக் கல்லூரிப் பயிற்சியாளர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் அதுதான் பதில் என்பது அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். மறுபடி எழுதிக் கேட்கிறவள் கெஞ்சுகிறவள். டெலானி எழுத மாட்டாள் என்று வெண்டலுக்குத் தெரிந்தது. தெரிந்ததில் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக, வீடு சேரும் முன்பே தன்மேல் வெட்கப்பட்டார்.

மறுநாள் மாலையே அவள் ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் பழைய டிராக்டர் கொட்டகைச் சுவரில் வலை கட்டி, வலையில் மார்பு உயரத்தில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்தாள். இரண்டாவது பேஸ் இருக்கும் தூரத்தை அளந்து, அங்கே குந்தி உட்கார்ந்து, எழுந்து எறிந்தாள். வாளி காலியானதும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி எறிந்தாள். பள்ளி விட்டு வந்ததும் தொடங்கினால் வெளிச்சம் போகும் வரை விடுவதில்லை. துணியில் படும் பந்துக்கு ஒரு சத்தம், வலையைத் தவறிப் பலகையில் மோதும் பந்துக்கு இன்னொன்று. சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே வெண்டலால் எது எது என்று சொல்ல முடிந்தது. கொஞ்ச நாளில் அவர் காபியை முன்வாசலுக்கு எடுத்துப் போனார். அங்கேயும் கேட்டது.

நவம்பர் தொடக்கத்தில் அவள் முழங்கையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். இடது கையால் முள்கரண்டியைப் பிடித்திருந்தாள்.

"போதும்னு சொல்லுங்களேன் அவகிட்ட," என்றாள் வெண்டலின் மனைவி ரோண்டா, மகள் எழுந்து போன பிறகு. "நான் சொன்னா கேக்கல. ஒரு த்ரோ தப்பாப் போச்சு, அதுக்கு இப்படியா? நீங்க சொன்னா கேப்பா."

"சொல்றேன்."

"எப்ப?"

வெண்டல் தட்டைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அந்த வாரம் தீவனக் கடையில் டோபி அகப்பட்டார். அவர் மகள் கென்சியும் அதே அணியில் ஆடுகிறவள்.

"யோவ், கேட்டியா? கென்சிக்கு எடம் கெடச்சிருச்சு. ரெண்டு வருஷக் காலேஜ், வீட்லேர்ந்து இருவது மைல். கேக்கு வெட்டி, தொப்பி போட்டு, போட்டோவும் எடுத்தாச்சு. ஏதோ ஒலிம்பிக்ஸுக்குப் போற மாதிரி எங்க வீட்டம்மா அழுவுறா."

"நல்லது, டோபி."

"ஒன் பொண்ணு சங்கதி என்ன? ஆரஞ்சுத் தொப்பிக்காரன் இன்னும் எழுதிக்கிட்டே இருக்கானா? பாவம், பெரிய காவியம் போல." டோபி தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினார். பிறகு வெண்டலின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சும்மா சொன்னேன்யா. கான்சஸ்லேர்ந்து அந்தம்மா வந்திருந்துச்சே, ஒங்கிட்ட பேசிக்கிட்டிருந்ததப் பாத்தேனே. அது என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றார் வெண்டல். கோழித் தீவன மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டார். டோபி பார்த்திருக்கிறார். டோபி பார்த்தது கென்சிக்குப் போகும், கென்சிக்குப் போனது டெலானிக்கு வரும். அந்தப் பயம்தான் தன்னை அசைத்தது என்பதை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. அசைத்திருக்க வேண்டியது மகளின் முழங்கை.

கடை வாசலிலேயே, வண்டிக்குள் உட்கார்ந்து ஹாலோவே கல்லூரிக்குப் பேசினார். மார்லா வீப் எடுத்தார். வெண்டல் பெயரைச் சொல்லி, அன்றைக்கு மகள் எதுவும் சொல்லவில்லை, தான்தான் சொன்னது என்றார்.

"நீங்களா," என்றார் மார்லா.

"ஆமாங்க. அவளுக்கு இன்னும் தெரியாது. அந்தத் த்ரோவால தான் நீங்க பேசாமப் போனீங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. தெனமும் எறிஞ்சு எறிஞ்சு கையக் கெடுத்துக்கிறா."

"எந்தத் த்ரோ?"

"தலைக்கு மேல போச்சே. நாலாவது இன்னிங்ஸ்ல."

"ஓ, அதுவா. கேட்சர்னா அப்பப்ப ஒண்ணு போகத்தான் செய்யும். அத நான் எழுதக்கூட இல்ல. அது போனதும் ஒங்க பொண்ணு நேரா பிட்சர்கிட்ட போனா. அந்தப் பிட்சர் அழுவுற மாதிரி நின்னா. ஒங்க பொண்ணு ஏதோ சொன்னா, அவ சிரிச்சுட்டா. அதத்தான் எழுதினேன்."

வெண்டல் வண்டியின் கண்ணாடி வழியே எதிரே பார்த்தார். அந்தக் காட்சியை அவர் பார்த்திருக்கவில்லை. அப்போது தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அந்த எடம்..."

"போன வாரம் நெப்ராஸ்காலேர்ந்து ஒரு பொண்ணு ஒத்துக்கிட்டா. அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன், ஹாஸ். அவள வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லச் சொல்லிக் கேக்கலிங்க."

"கேக்கத்தான் கூப்பிட்டீங்க. பரவால்ல. மொதல்ல பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க. அது என் வேலை இல்ல."

அவர் வீட்டுக்குப் போனபோது கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டெலானி கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முழங்கையை நீவிக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நில்லுங்கப்பா, மேல பட்டுடப் போவுது."

அவர் தள்ளி நிற்கவில்லை. வலைக்கு முன்னால், சிவப்புத் துணி முதுகில் படும்படி நின்று சொன்னார். மார்லா வந்து கேட்டது, தான் சொன்ன பதில், வண்டியில் கவனிக்கவில்லை என்றது, இன்றைக்குப் பேசியது. பிட்சரைப் பற்றி மார்லா எழுதியதையும் சொன்னார். தன் பக்கத்துக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. வண்டியில் வரும்போது சில காரணங்கள் யோசித்து வைத்திருந்தார்.

"நான் சொன்னேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். "நான் சொல்லச் சொன்னேன்னு?"

"ஆமா."

"அவங்க இத்தன நாளா என்னத் திமிர் புடிச்சவன்னு நெனச்சிருப்பாங்க."

"இப்ப நெனக்க மாட்டாங்க."

"இப்ப எடம் இல்ல."

வெண்டல் குனிந்து காலடியில் கிடந்த ஒரு பந்தை எடுத்தார்.

"தெனமும் சமையலறையில ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க," என்றாள். குரல் உயரவில்லை. பந்து வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "இதெல்லாம் நீங்களே பொறுக்குங்க." மட்டைகளும் கவசமும் இருந்த பையை எடுத்து, வலிக்காத தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வெண்டல் புல்லிலும் கொட்டகைக்கு அடியிலும் கிடந்த பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். ஒன்று கொட்டகையின் அடிப்பலகைக்குக் கீழே எட்டாத தூரத்தில் கிடந்தது. படுத்து, கை நீட்டி எடுத்தார்.

மறுநாள் டெலானி தானே மார்லாவுக்குப் பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஆகஸ்டில் புதியவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக்காட்டும் திறந்த தேர்வு அணிக்கு உண்டு, வரலாம், உறுதி எதுவும் தர முடியாது என்று மார்லா சொன்னதாக அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை வெண்டலிடம் சொன்னாள்.

2024 ஆகஸ்டில் டெலானி ஹாஸ் ஹாலோவே கல்லூரியில் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். கான்சஸுக்கு அம்மாவோடு போனாள். திறந்த தேர்வில் கலந்துகொண்டாள். அந்த வருட அணியில் கேட்சர்கள் இருவர்: மூன்றாம் வருட மாணவி ஒருத்தி, நெப்ராஸ்காப் பெண் ஒருத்தி. டெலானி தேர்வாகவில்லை.